உது ஆரின்ரை இலை?

எங்கள் பக்கத்து வளவுக்காரர் மாவிலை ஒன்றைக் காம்பில் பிடித்துத் தூக்கி, வெயிலுக்கு நேரே வைத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையில் இலை பாதிக் குற்றவாளி. நான் முழுக் குற்றவாளி.

“உது ஆரின்ரை இலை?”

“எங்கடை மரத்து இலைதான் அண்ணை.”

“மரத்திலை இருந்து விழுந்ததைக் கண்டனீரோ?”

காணவில்லை. இலை விழுவதை யார் காவல் இருந்து பார்ப்பது? அவர் அந்த இலையை மட்டும் தனியே ஒரு பக்கத்தில் வைப்பார், மேலதிக விசாரணைக்காக.

மனிதர் வாழ்நாள் முழுக்க பஸ்ஸில் கொண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் அவருடைய கண்ணுக்குத் தப்பி, ரிக்கெற் இல்லாமல் ஒரு கோழிக்குஞ்சும் பயணம் செய்ததில்லை என்று சொல்வார்கள். நாங்கள் சண்டிலிப்பாயில் அந்த வீட்டுக்குக் குடிவந்தபோது அவருக்கு எழுபது தாண்டியிருந்தது. மனைவி காலமாகிவிட்டார். மகள் வெளிநாட்டில். ஊரில் எவரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. வந்த புதிதில் ஒருமுறை பெயரைக் கேட்டேன். “என்ன தேவைக்கு?” என்றார். யோசித்துப் பார்த்தேன், சொல்லும்படியான தேவை ஒன்றும் இருக்கவில்லை. அதோடு விட்டுவிட்டேன்.

ஊரில் எல்லோரும் விடிய எழும்பி முற்றம் கூட்டி, குப்பையைக் குவித்து நெருப்பு வைப்பார்கள். அவர் மட்டும் வைக்கமாட்டார். அவரிடம் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய் இருந்தது. காய்ந்த இலையை அதற்குள் அரைவாசிக்குக் கொட்டி, புல்லு வெட்டும் மெசினின் தலையை உள்ளே விட்டு முடுக்குவார். நைலோன் நூல் சுழன்று இலையைத் தூளாக்கும். அந்த நேரம் அவருடைய கோலத்தைப் பார்க்கவேண்டும். தலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெற், மூக்கில் துவாய், மடித்துக் கட்டிய சாரம். சந்திரனுக்குப் போக வெளிக்கிட்டவர் சாரத்தை மாற்ற மறந்துவிட்ட மாதிரி இருக்கும். சத்தம் மூன்று வளவு தாண்டிக் கேட்கும். எங்கள் வீட்டில் வானொலிச் செய்தியை நாங்கள் பாதிதான் அறிந்தோம். மீதியை அவருடைய பீப்பாய் அரைத்தது.

வந்து சில நாட்களிலேயே எனக்கு ஒரு சந்தேகம் பிடித்தது. அரைபட்ட இலை, காய்ந்து கறுத்தால், தேயிலைத்தூள் மாதிரியே இருந்தது. தனி ஆள் ஒருவருக்கு இவ்வளவு இலைத்தூள் எதற்கு? சந்திக் கடைத் தேநீரில் அப்போதுதான் ஏதோ மாவிலை வாசம் அடிப்பதாக எனக்குப் பட்டது. ஒரு கிழமை முழுக்கக் கடையில் பால் மட்டும் குடித்தேன். கடைசியில் கடைக்காரர், வயிற்றில் ஏதும் பிரச்சினையோ என்று பரிவோடு விசாரித்தார். மனைவியிடம் என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் வேலியால் காட்டினாள். தூள் முழுவதும் அவருடைய மிளகாய்க் கன்றுகளின் அடியிலும் கத்தரியின் அடியிலும் மெத்தை மாதிரிக் கிடந்தது. மிச்சம் மாட்டுச் சாணத்தோடு, மண்ணில் வெட்டிய கிடங்குக்குள் உக்கி உரமாகிக்கொண்டிருந்தது. சித்திரை வெயிலில் எங்கள் முற்றம் வெடித்துக் கிடக்க, அவருடைய மண்ணில் தூளை விலக்கினால் கீழே ஈரம்.

கடையில் விற்கும் பசளைப் பையை அவர் நம்பமாட்டார். கட்டின பைக்குள் ஆர் என்னத்தைப் போட்டானோ என்பார். மற்றவர்கள் கட்டிக் கொடுக்கும் இலையையும் அப்படியே எடுக்கமாட்டார். பார்த்தீனிய விதை வந்துவிடும், புகையிலைக் கழிவு வந்துவிடும், கண்ணாடித் துண்டு வந்துவிடும். தன் கண்ணுக்கு முன்னால் கொட்டி, தன் கையால் கிளறி, தன் மெசினால் அரைத்ததை மட்டும் நம்புவார். அதையும் முழுதாக நம்பினாரா என்று தெரியாது. உக்கும் கிடங்கைத் தறப்பாளால் மூடி, மேலே ஒரு சின்னக் குச்சியை வைத்துவிட்டுத்தான் படுக்கப்போவார். விடிய அந்தக் குச்சி இடம் மாறியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். ஒருநாள் மாறியிருந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டுப் பேட்டுக்கோழி அவருடைய கூடைக்குள் மத்தியானம் வரை தடுத்து வைக்கப்பட்டிருந்தது.

இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் தண்ணீர். எங்கள் கிணறு உவர். குளிக்கலாம், துணி தோய்க்கலாம். அந்தத் தண்ணீரில் பருப்பு மத்தியானம் வைத்தால் பொழுதுபட்டாலும் வேகாது. ஒரு வேலி தள்ளி அவருடைய கிணற்றில் நல்ல தண்ணீர். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் வேலியில் ஒரு பொட்டு இருந்தது. ஆள் புகுந்து போய்வர வேலியில் விடும் இடைவெளியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். பொட்டு இருந்தால் அயல் நல்ல அயல். அதை அடைத்துவிட்டால், வாயால் ஒன்றும் சொல்லாமலே எல்லாம் சொன்ன மாதிரி. மனைவி விடிய அந்தப் பொட்டால் குடத்தோடு போய் நல்ல தண்ணீர் அள்ளி வருவாள். சோறு, கறி, தேநீர், எல்லாம் அந்தக் குடத்தில்தான் நின்றது.

அவர் தண்ணீருக்கு எதுவும் கேட்டதில்லை. ஆனால் ஓசிப் பயணம் அவருக்குப் பிடிக்காது என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் கந்தோர் வேலை இல்லாத நாட்களில் எங்கள் மாமரத்து இலையையும் ஈரப்பலா இலையையும் நான் கூட்டி, உரப்பையில் அடைத்து, பொட்டால் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் தறப்பாளை விரித்து, பையைக் கொட்டச் சொல்லி, தடியால் கிளறுவார். புளியமிலையைக் கண்டால் முகம் சுளிப்பார். அதுகள் சின்னனாய் இருந்துகொண்டு மற்றவைக்குப் பின்னால் ஒளிச்சு வாற சாதியாம். ஈரப்பலா இலை ஒன்றே இரண்டு சீற்றைப் பிடிக்குமாம். அதை முதலில் காலால் மிதித்து நொறுக்குவார். மாவிலைதான் ஒழுங்கான பயணி என்றார் ஒருநாள், என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் நான் ஒரு ஸ்கூட்டர் வாங்கினேன். ஸ்கூட்டருக்கு வயது கூட, எனக்குப் புதிது. மனைவி விடவில்லை. கோயிலடியில் பூசை செய்து, வீட்டு வாசலில் இரண்டு சில்லுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, குங்குமம் தடவி, ஏற்றி நசிக்கச் சொன்னாள். முதல் தரம் நான் சரியாக ஏற்றவில்லை, பழம் உருண்டு ஓடியது. பிறகு கத்தியால் பாதியாக்கி வைத்து ஏற்றினேன். அடுத்த நாள் விடிய முற்றத்தைக் கூட்டினேன். இலையோடு இலையாக எல்லாம் உரப்பைக்குள் போனது. அதைப் பற்றி எனக்கு நினைப்பே இல்லை. ஸ்கூட்டரை எப்போது துடைப்பது என்றுதான் மனம் முழுக்க.

அவர் தறப்பாளில் தடியால் கிளறிக்கொண்டு வந்தார். தடி நின்றது. குனிந்து பார்த்தார். குங்குமம் பூசிய எலுமிச்சம்பழப் பாதி ஒன்று. பிறகு இன்னொன்று. அவர் அவற்றைக் கையால் தொடவில்லை, தடியாலேயே ஒவ்வொன்றாக வரிசைக்குக் கொண்டுவந்தார்.

எனக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. சிரிக்கக்கூடாத இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு வரும். செத்த வீட்டில் வந்திருக்கிறது, மேலதிகாரியின் அறையில் வந்திருக்கிறது. அன்றைக்கும் வந்தது.

அவர் என் சிரிப்பு முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெற்றுப் பையை என் கையில் தந்தார். அந்தக் கிழமைதான் அவருடைய மிளகாய்க் கன்றுகளில் இலைச் சுருட்டல் தொடங்கியிருந்தது. அது புத்தூர் வரைக்கும் எல்லாத் தோட்டங்களிலும் வந்த சுருட்டல். ஆனால் எல்லாத் தோட்டத்திலும் குங்குமம் பூசிய எலுமிச்சம்பழம் பிடிபடவில்லையே.

அடுத்த நாள் விடிய மனைவி குடத்தோடு போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பொட்டு இருந்த இடத்தில் பனைமட்டை நெருக்கி வரிந்து, குறுக்கே முள்ளுக்கம்பி இழுத்திருந்தது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவள் வேலியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

“சிரிச்சனீங்களோ?”

“கொஞ்சம்.”

“இனிப் பருப்பையும் சிரிச்சே அவியுங்கோ.”

அன்றிலிருந்து நல்ல தண்ணீர் எங்கள் வீட்டில் ஸ்கூட்டரில் வந்தது. கோயில் கிணற்றில் அள்ளி, பிளாஸ்டிக் கலனில் நிரப்பி, காலடியில் வைத்து ஓட்டுவேன். கலன் ஒரு பக்கம் சரியும், நான் மறுபக்கம் சரிவேன், நடுவில் ஸ்கூட்டர் தன்பாட்டில் போகும். வீட்டுக்கு வரும்போது பாதித் தண்ணீர் என் காற்சட்டையில் இருக்கும். அவர் தன் வாசல் படலையடியில் நின்று பார்ப்பார். ஒருநாள் கையைக் காட்டி மறித்தே விட்டார்.

“கலனுக்குள்ளை என்ன?”

“தண்ணி அண்ணை.”

“ஏன்?”

ஏன் என்று கேட்கிறார். முகத்தில் நக்கல் இல்லை. உண்மையாகவே அவருக்கு அது சந்தேகமாக இருந்தது. கிணறு உள்ள வீட்டுக்காரன் எதற்கு வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுபோகிறான்?

அவருடைய பக்கமும் நல்லாயிருக்கவில்லை. அவருடைய வளவில் இலை கொட்டுகிற மரம் கிடையாது. கிணற்றடி ஈரத்துக்கு நாலு தென்னையும் ஒரு வாழையும்தான். எங்கள் மாமரம் எங்கள் பக்கமாகச் சாய்ந்து, எங்கள் பக்கமே உதிர்த்தது. மற்ற அயலட்டைக்காரரையும் அவர் ஏற்கெனவே விசாரித்துக் களைக்க வைத்துவிட்டார். மெசின் சத்தம் நின்றுபோனது. எங்களுக்கு வானொலிச் செய்தி முழுக்கக் கேட்டது. மிளகாயின் அடியில் தூள் மெலிந்து, மண் வெளியே தெரியத் தொடங்கியதை நான் வேலியால் பார்த்தேன். என் முற்றத்தில் இலை குவிந்து கிடந்தது. நெருப்பு வைக்க மனம் வரவில்லை. அவர் புகையை மணந்து பிடித்துவிடுவார் என்ற பயமும் இருந்தது.

மனைவிதான் முதலில் போனாள். றோட்டால் சுற்றி, படலையில் தட்டி, ஸ்கூட்டருக்குப் பூசை செய்த கதையைச் சொல்லியிருக்கிறாள். அவர் கவனமாகக் கேட்டாராம். பிறகு கேட்டாராம், ஸ்கூட்டருக்கு எத்தனை சில்லு என்று. இரண்டு. அப்ப எலுமிச்சம்பழம்? இரண்டு. பாதி? நாலு.

“நான் கண்டது அஞ்சு, பிள்ளை. அஞ்சாவதிலை குங்குமமும் இல்லை.”

அவள் திரும்பி வந்து, படியேறாமல் முற்றத்திலேயே நின்று, அந்த ஐந்தாவது பாதியைப் பற்றி என்னிடம் கேட்டாள். எனக்கு வியர்த்தது. தெரியாது என்றேன். இப்போது வீட்டுக்குள்ளும் ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் சாமியறையை ஒருமுறை முழுக்கக் கிளறினாள். என் அலுமாரியையும்.

அடுத்த ஞாயிறு நான் போனேன். அவர் குசினி யன்னலுக்குக் கீழே, மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பழைய பெயின்ற் வாளி. அதில் ஒற்றை மிளகாய்க் கன்று. மேலே நுளம்புவலைத் துண்டால் கூடாரம் போட்டிருந்தது. கன்றின் அடியில் அரைத்த மாவிலைத் தூள். என் மாவிலை. பையைத் திருப்பித் தந்தாரே தவிர, கொட்டிய இலையில் கொஞ்சத்தை எடுத்துவைத்து அரைத்து, ஒரு கன்றுக்குப் போட்டு, விளக்கமறியலில் வைத்திருக்கிறார். உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன்.

சுற்றி வளைத்துப் பேசினேன். ஊர் என்ன நினைக்கும் என்றேன். கடைசியில், எலுமிச்சம்பழத்துக்குப் பயந்து பொட்டை அடைத்தவர் என்று ஆட்கள் சிரிக்கிறார்கள் அண்ணை என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. வாளியைப் பார்த்துக்கொண்டே, ஆறுதலாகக் கதைத்தார். சண்டைக் காலத்தில் ஒருநாள். பஸ் நிறைந்த சனம். பின் சீற்றுக்குக் கீழே ஒரு பை. ஆரின்ரை என்று கேட்டார். எவரும் வாய் திறக்கவில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் நடந்து திரும்பத் திரும்பக் கேட்டார். பஸ்ஸை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, வயலுக்குள் தூரப் போய் நிற்கச் சொன்னார். உச்சி வெயில். பிள்ளைகள் அழுதார்கள், பெரியவர்கள் ஏசினார்கள். கடைசியில் ஒரு மனிசி அழுதுகொண்டே வந்து பை தன்னுடையது என்றாள். அவர் போட்ட சத்தத்தில் வாய் திறக்கப் பயந்துபோய் இருந்தாளாம். உள்ளே முருங்கைக்காயும் ஒரு சின்னப்பிள்ளைச் சட்டையும். முழு பஸ்ஸும் சிரித்தது. அதற்குப் பிறகு அவருக்கு முருங்கைக்காய் என்று ஒரு பட்டம் வேறு.

“சிரிச்ச சனம் முழுக்க அண்டைக்கு வீட்டை போய்ச் சேர்ந்தது, தம்பி,” என்றார். “அது எனக்குக் காணும்.”

எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. நானாகவே வாயைத் திறந்தேன்.

“அண்ணை, அந்த அஞ்சாவது பாதி என்ரை தலைக்கு.”

“ஆர் வைச்சது?”

“ஒருத்தரும் வைக்கேல்லை. நான்தான் தேய்ச்சனான். எலுமிச்சம்பழம் தேய்ச்சால் மயிர் முளைக்குமெண்டு போனிலை பாத்தனான். கிணத்தடியிலை நிண்டு ஒளிச்சுத் தேய்ச்சுப்போட்டு முற்றத்திலை எறிஞ்சிட்டன். மனிசிக்குக்கூடத் தெரியாது.”

அவர் எழும்பினார். வந்து எனக்கு மேலாக நின்று, மாவிலையைப் பார்ப்பது போலவே என் தலையை வெயிலுக்கு நேரே திருப்பிப் பார்த்தார். நல்ல நேரம் எடுத்துக்கொண்டார்.

“முளைச்சதோ?”

“இல்லை அண்ணை.”

“ம்.”

எனக்கு விளங்கியது. இப்படி ஒரு கேவலத்தை ஒருவன் இட்டுக்கட்டிச் சொல்லமாட்டான் என்று அவர் தீர்மானித்துவிட்டார். நுளம்புவலையைத் தூக்கி வாளிக் கன்றைக் காட்டினார். ஒரு சுருட்டல் இல்லை. நுனியில் இரண்டு பூ.

“இலையிலை பிழையில்லை,” என்றார். “ஆளிலைதான் யோசினை.”

அவ்வளவுதான். எழும்பிப் போய்விட்டார். நான் றோட்டால் சுற்றி வீட்டுக்கு வந்து, மனைவியிடம் தலை விஷயத்தைச் சொன்னேன். அவள் கதிரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கியவள், விளக்கு வைக்கும் நேரம்வரை விட்டு விட்டுச் சிரித்தாள். அன்றைக்கும் பருப்பு வேகவில்லை.

திங்கள் விடிய வேலியடியில் கத்திச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தோம். முள்ளுக்கம்பியைக் காணவில்லை. பனைமட்டையில் சிலதைக் கழற்றியிருந்தது. பொட்டு திறந்திருந்தது. ஆனால் பழைய அளவில் இல்லை. மனைவி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி, சுகமாகப் புகுந்து போனாள். கிணற்றில் வாளி இறங்கும் சத்தம் கேட்டது. அவ்வளவு நாளும் அந்தச் சத்தத்துக்கு எங்கள் வீடு எப்படிக் காத்திருந்தது என்பது அதைக் கேட்டபோதுதான் தெரிந்தது.

நான் முற்றத்தில் குவிந்து கிடந்த இலையை உரப்பையில் அடைத்தேன். பையை முதலில் பொட்டுக்குள் தள்ளினேன், அது போனது. பின்னால் நான் புகுந்தேன். நெஞ்சு போனது. வயிறு போகவில்லை. முன்னுக்குத் தள்ளினேன், மட்டை இறுகியது. பின்னுக்கு இழுத்தேன், சட்டை எதிலோ மாட்டியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அளவு பிழைக்கவில்லை. மனிதர் அளந்துதான் விட்டிருக்கிறார். மனைவியின் இடுப்புக்கும் குடத்துக்கும் இடம் இருக்கிறது. எனக்கு இல்லை.

அவர் ஹெல்மெற்றைக் கையில் பிடித்தபடி பீப்பாயடியிலிருந்து வந்தார். நான் கொண்டுவந்த பையை வாங்கி, வாயை அவிழ்த்து, உள்ளே ஒருதரம் பார்த்து, மணந்தும் பார்த்தார். பிறகு வேலிக்குள் நின்ற என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். கிணற்றடியில் மனைவி வாளிக் கயிற்றைக் கையில் பிடித்தபடி வாய்மூடி நின்றாள். எந்த நேரமும் சிரித்துவிடுவாள்.

“ஏறுறதெண்டால் ஏறும். இறங்கிறதெண்டால் இறங்கும்,” என்றார் அவர். “மிதிபலகையிலை நிண்டு பின்னாலை வாற சனத்தை மறிக்காதையும்.”

எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. இருந்தும் நான் திரும்பிப் பார்த்தேன்.

அவர் ஹெல்மெற்றை நிலத்தில் வைத்தார். ஒரு கையால் மட்டையை நெம்பிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை என் நெஞ்சை நோக்கி நீட்டினார். உள்ளே இழுக்கப்போகிறாரா, வெளியே தள்ளப்போகிறாரா என்று அந்த முகத்திலிருந்து எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.